காந்தம் வைக்காத கைப்பிடி

கணக்கு டீச்சருக்கு அடுத்தவர் தப்பைக் கண்டால் வலது உள்ளங்கை அரிக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அரிக்கும். பள்ளிக்கூடத்தில் இருந்தவரை சிவப்பு மைப் பேனா அந்த அரிப்புக்கு மருந்தாக இருந்தது. பிறகு டீச்சர் ஓய்வு பெற்றார், அரிப்பு ஓய்வு பெறவில்லை. காய்கறிக் கடைத் தராசு சாய்ந்து நிற்பது, பல் டாக்டர் சுவரில் கடிகாரம் பின்தங்குவது, எதிர்வீட்டு நர்ஸம்மா போர்வையை நீளவாக்கில் மடிக்காமல் குறுக்குவாக்கில் மடிப்பது என்று தெருவே அவருக்கு விடைத்தாளாகிவிட்டது. அவர் வருவது தெரிந்தால் சைக்கிளில் போகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்கள்.

அதற்காகக் கெட்ட மனுஷி என்று சொல்லிவிட முடியாது. தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் டீச்சர்தான். போய் நின்று, மாத்திரையை எப்படி விழுங்குவது என்று திருத்துகிறவரும் அவர்தான். உபகாரத்தையும் உபத்திரவத்தையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போகிற சுபாவம். என்ன செய்வது, பையைப் பிரித்துப் பாதியை மட்டும் வாங்கிக்கொள்ள வழியில்லை.

அவருடைய வீட்டுக்காரர் தட்டச்சு மிஷின் பழுது பார்த்தவர். கல்யாணமான புதிதிலேயே அவர் ஒரு உண்மையைக் கண்டுகொண்டார்: வாயைத் திறந்தால்தானே தப்பு வரும். அன்றிலிருந்து ‘ம்’ என்ற ஒரே எழுத்தை வைத்துக் குடும்பம் நடத்தினார். சம்மதம் சொல்கிற ம் ஒன்று, சம்மதமில்லை என்கிற ம் ஒன்று, ‘நீ சொன்னது காதில் விழவில்லை, ஆனாலும் சரி’ என்கிற ம் ஒன்று. பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டால் மூன்றும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

அந்த வித்தை அவர்களுடைய ஒரே மகளுக்கு வாய்க்கவில்லை. அவள் சின்ன வயதில் பொம்மை வரைந்து காட்டினால் அதன் இரண்டு காதும் ஒரே அளவுதானா என்று அம்மா ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். அவள் வளர்ந்தாள், அம்மா சொன்னபடி கணக்கியல் படித்தாள், வெளியூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குப் போனாள். கல்யாணத்துக்கு மட்டும் அம்மாவைக் கேட்காமல் தானே ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்துக்கொண்டாள். நல்ல பையன், வாட்டசாட்டமான உடம்பு, கூச்ச சுபாவம். டீச்சருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

காரியம் கெட்டது கல்யாண வரவேற்பில். மாப்பிள்ளை மைக்கைப் பிடித்து, “எனக்கும் அவளுக்கும் நூத்துக்கு நூத்தம்பது சதவீதம் பொருத்தம்” என்று உருகிப்போய்ச் சொன்னார். மண்டபம் கைதட்டியது. டீச்சருக்குக் கை அரித்தது. மேடையேறி மைக்கை வாங்கி, “நூறுக்கு மேல போறதுக்கு இதுல வழியே இல்ல. மாப்பிள்ளை சந்தோஷத்துல சொல்லிட்டார், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையும் சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அம்மா வீட்டுப் படியேறவே இல்லை, ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவதோடு சரி.

அப்படிப்பட்டவள் ஒருநாள் போனில், “லீவுல நாங்க ரெண்டு பேரும் வந்து தங்கறோம்மா. ஆனா ஒரு நிபந்தனை” என்றாள். “அவரை ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீ திருத்தினாலும் அடுத்த பஸ்ல கிளம்பிடுவேன். அப்புறம் போனும் கிடையாது.”

“நான் என்னடி திருத்தப் போறேன்?”

“பாரு, இப்பவே குரல் மாறுது.”

போனை வைத்த டீச்சர் நேரே வீட்டுக்காரரிடம் போய் நிபந்தனையைச் சொன்னார். சொன்னால் சொன்னபடி செய்கிற பெண் அவள், அப்படித்தான் வளர்த்திருந்தார். இந்த ஒரு தடவை வாயைக் கட்டாவிட்டால் இருக்கிற ஒரு பிள்ளையும் கையை விட்டுப் போய்விடும். அந்தப் பயம் அவருக்குப் புதிது. வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி, அபூர்வமாக ஒரு யோசனை சொன்னார்: “வாயில ஒரு கிராம்பு போட்டுக்கோ. பேச வந்தா கடிச்சுக்கோ.”

மாப்பிள்ளை இரண்டு சட்டையும் ஒரு கருவிப் பையுமாக வந்து இறங்கினார். வந்த மறுநாளே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலைப் பலகாரம் முடிந்ததும் சாப்பாட்டு அறைக் கதவின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

“அத்தை, சும்மா உட்கார்ந்தா எனக்குக் கை பரபரக்கும். கதவுப் பித்தளையெல்லாம் திட்டுத் திட்டாக் கருத்துக் கிடக்கு. எல்லாத்தையும் கழட்டிப் பளபளன்னு பண்ணித் தரட்டுமா?”

டீச்சர் கிராம்பை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். “சனிக்கிழமை தவறாம நான் பாலிஷ் போட்டுத் தேய்க்கறேன் மாப்பிள்ளை. அதுக்கு மேல அது அவ்வளவுதான்.”

மாப்பிள்ளை கைப்பிடியை நகத்தால் சுரண்டினார். சூதுவாது தெரியாத மனுஷன், மனசில் பட்டதைச் சொல்லிவிட்டார். “விஷயமே அதுதான் அத்தை. செய்யற இடத்துலயே இதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடிச்சு அனுப்புவாங்க, வார்னிஷ் மாதிரி. அது பழசாகி மஞ்சளாயிடும், அங்கங்க விரிசல் விட்டு உள்ள கருப்பு இறங்கிடும். இத்தனை வருஷமா நீங்க தேய்ச்சது அந்தப் பூச்சைத்தான். பித்தளை மேல உங்க கை படவே இல்ல.”

மகளின் கையில் கரண்டி அப்படியே நின்றது. வீட்டுக்காரரின் பேப்பர் மெல்ல இறங்கியது. டீச்சரை ஒருவர் திருத்தி அந்த வீடு பார்த்ததில்லை, அதுவும் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. கிராம்பு உடைகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

“அப்படியா” என்றார் டீச்சர். உடைந்த கிராம்பு தொண்டையில் இறங்கிக் கண்ணில் நீர் முட்டியது.

வேலை தொடங்கியது. வேலையைப் பார்க்கப் பார்க்க டீச்சர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாப்பிள்ளை ஒவ்வொரு கதவாகப் போய்க் கைப்பிடி, தாழ்ப்பாள், சாவித் துவாரத் தகடு எல்லாவற்றையும் கழற்றினார். எந்தக் கதவின் திருகாணி எது என்று பிரித்து வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டினார். டீச்சர் ஒரு கிராம்பு கடித்தார். எந்தத் தகடு எந்த அறைக்கு என்று அடையாளம் வைக்கவில்லை. இன்னொரு கிராம்பு. பழைய பாத்திரம் ஒன்று கேட்டார். டீச்சர் எடுத்து வைத்ததை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் இருந்த பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கு இரண்டு கிராம்பு. மதியத்துக்குள் வீடு முழுக்கப் பல் ஆஸ்பத்திரி வாசனை. டீச்சருக்கு நாக்கு மரத்து, ‘மாப்பிள்ளை’ என்ற வார்த்தையே பாதிதான் வந்தது. மகள் கண்கொத்திப் பாம்பாக அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விஷயத்தில் மாப்பிள்ளை கவனமாக இருந்தார். கழற்றிய ஒவ்வொன்றின் மேலும் பையிலிருந்த சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். “ஒட்டினா உள்ள இரும்பு அத்தை, மேல பித்தளை முலாம் மட்டும்தான். அதைத் தேய்க்கக் கூடாது, முலாம் போயிடும். ஒட்டலேன்னா முழுப் பித்தளை, தைரியமாத் தேய்க்கலாம்.” ஒன்றிலும் காந்தம் ஒட்டவில்லை. வீடு கட்டியவர் யாரோ நாணயமான ஆள்.

கடைசியில் முன்கதவுக்கு வந்தார். அதில் மட்டும் நீளமான தகடும் வளைந்த பிடியுமாக ஒரு பெரிய கைப்பிடி. பழையது உடைந்தபோது டீச்சரே கடையேறிப் பார்த்து வாங்கிப் போட்டது. டீச்சர் பெருமையோடு முன்னால் வந்து நின்றார்.

“இதுக்குக் காந்தமெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை. இது நானே பார்த்து வாங்கினது. அசல் பித்தளை.”

காந்தம் பிடித்த கை பாதி வழியில் நின்றது. அத்தை வாயால் ‘அசல்’ என்று சொன்ன பிறகு காந்தம் வைத்துப் பார்ப்பதா? அது பித்தளையைச் சோதிப்பதாகாது, அத்தையைச் சோதிப்பதாகிவிடும். “நீங்க சொன்னாச் சரி அத்தை” என்று மாப்பிள்ளை காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டார். மரியாதை தெரிந்த பிள்ளை என்று டீச்சர் மனசு குளிர்ந்தது.

அன்று சாயங்காலமே ஒரு கூத்து நடந்தது. குளியலறைக் கதவில் கைப்பிடி மட்டும்தான் கழற்றப்பட்டிருந்தது, உள்ளே பூட்டின் நாக்கு அப்படியே இருந்தது. இது தெரியாமல் வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். நாக்கு விழுந்துவிட்டது, திருப்ப ஒன்றும் இல்லை. அவர் கூப்பிடவும் இல்லை. அவரைக் காணோம் என்பதே மற்றவர்களுக்கு வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

மாப்பிள்ளை கதவருகே ஓடினார். ஓடியதும் தொழில் புத்தி வந்துவிட்டது. “பதட்டப்படாதீங்க. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?”

“நான் மட்டும்தான் மாப்பிள்ளை.”

“காத்து வருதா மாமா?”

“ஜன்னல் இருக்கு.”

“கதவைத் தள்ளாதீங்க, குதிக்காதீங்க. இதோ வெளிய எடுத்துடறோம்.”

“ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வாங்க. பேப்பர் கொண்டு வந்திருக்கேன்.”

மனுஷன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி டீச்சர் கேட்டதில்லை. நடுவில் ஒரு கதவு இருந்தால் இவருக்குப் பேச்சு வரும் போலிருக்கிறதே என்று அவருக்குச் சுருக்கென்றது. ‘கைப்பிடியைக் கழட்டறதுக்கு முன்னாடி பூட்டைக் கழட்டணும்’ என்கிற வாக்கியம் முழுசாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மகள் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் கை நிறையக் கிராம்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் நாக்கை நெம்பி மாமாவை வெளியே எடுத்திருந்தார்.

ஆனால் வேலை என்னவோ கண்ணைப் பறித்தது. மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு, கழற்றியவற்றின் மேல் கூழ் போன்ற மருந்தைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் பழைய பூச்சு கொப்பளித்து எழுந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். சின்னத் தகடுகளைச் சமையல் சோடா போட்டுக் கொதிக்க வைத்தார். பூச்சு வெங்காயச் சருகு போல உரிந்து மிதந்தது. அப்புறம் மெல்லிய கம்பிச் சுருளால் இதமாக ஒரு தேய்ப்பு, பாலிஷ் போட்டுத் துணியால் ஒரு தேய்ப்பு. உள்ளேயிருந்து இளமஞ்சளாக ஒரு நிறம் எழுந்து வந்தது. தன் வீட்டில் இத்தனை நாளாக இருந்த பித்தளையை டீச்சர் அன்றைக்குத்தான் பார்த்தார். தானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஸ்பிரிட் போட்டுத் துடைச்சதுக்கப்புறம் வெறும் விரல் படக் கூடாது அத்தை. புதுப் பூச்சு அடிச்சா விரல் ரேகை உள்ளயே நின்னுடும்.”

“சரி மாப்பிள்ளை” என்று கையை இழுத்துக்கொண்டார் டீச்சர். இந்த வீட்டில் ‘சரி’ சொல்கிற முறை தனக்கும் வரும் என்று அவருக்கே ஆச்சரியம். புதுப் பூச்சு அடித்த கைப்பிடிகளைத் துணி காயும் கொடியில் நூல் கட்டித் தொங்கவிட்டார்கள். எதிர்வீட்டு நர்ஸம்மா எட்டிப் பார்த்து, “டீச்சர் வீட்டுல இப்பக் கதவையே துவைச்சுக் காயப் போடறாங்களா?” என்றாள். டீச்சர் சிரித்தார். அன்றைக்குக் கிராம்பு டப்பா பக்கமே அவர் போகவில்லை.

முன்கதவுக் கைப்பிடியைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அன்று பகலில் மகளும் அப்பாவும் காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். டீச்சர் அடுப்படியில் இருந்தார். கொல்லையில் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை அடுப்படி வாசலில் வந்து நின்றார், கையில் துணி சுற்றிய கைப்பிடி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அத்தை, தப்பு பண்ணிட்டேன். மருந்தை ரொம்ப நேரம் ஊற விட்டுட்டேன். அது பித்தளையைத் தின்னுடுச்சு. உங்க கைப்பிடியைக் கெடுத்துட்டேன். இதே மாதிரி புதுசு ஒண்ணு வாங்கித் தந்துடறேன்.”

துணியைப் பிரித்தார். ஓரமெல்லாம் மஞ்சள், நடுவில் பெரிய சாம்பல் தேமல். டீச்சருக்கு உள்ளங்கை அரித்தது. கோபம் இல்லை, கணக்கு இடித்தது. அதே மருந்து, அதே பிரஷ், அதே கை. மற்றதையெல்லாம் தின்னாத மருந்து இதை மட்டும் எப்படித் தின்னும்?

“அந்தக் காந்தத்தைக் குடுங்க மாப்பிள்ளை.”

“எதுக்கு அத்தை இப்ப? விடுங்களேன்.”

“குடுங்க.”

கிட்டே கொண்டுபோவதற்குள் காந்தம் ‘டக்’கென்று பாய்ந்து ஒட்டிக்கொண்டது. இரும்பு. மேலே பூசியிருந்த முலாம் தேய்ப்பில் போய்விட்டது. இத்தனை வருஷம் அது பிழைத்துக் கிடந்ததே, டீச்சரின் சனிக்கிழமைத் தேய்ப்பு பூச்சைத் தாண்டி அதன் மேல் படாத புண்ணியத்தால்தான்.

கடையில் நடந்தது அவருக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. “இது அசல் பித்தளை, எனக்குத் தெரியும்” என்று சொன்னது டீச்சர். “இல்லம்மா, அது வந்து” என்று கடைக்காரர் ஆரம்பித்தபோது, “குறுக்கே பேசாதீங்க” என்று அடக்கியதும் டீச்சர். அந்த மனுஷன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை, பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வகுப்பில் அவர் கேட்காத பொய்யா? எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் தங்கள் தலை தப்புவதற்காக. அவருடைய தலையைக் காப்பாற்ற ஒருவர் பொய் சொல்லி அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

“எனக்காகவா மாப்பிள்ளை?”

“நீங்க ஆசையா வாங்கினது அத்தை. அவகிட்டயும் நான்தான் கெடுத்தேன்னு சொல்லிக்கறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்.”

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தானா மகள் வர வேண்டும்? வந்தவள் கண்ணில் பட்டது இதுதான்: அம்மாவின் கண் சிவந்திருக்கிறது, புருஷன் தலைகுனிந்து நிற்கிறார், நடுவில் கெட்டுப்போன கைப்பிடி. அவளுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

“அம்மா! என்ன சொன்ன அவரை? கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள உனக்குப் பொறுக்கலையா? ஏங்க, பையை எடுங்க, கிளம்பலாம்.”

“இல்லம்மா, நான்தான் மருந்தை அதிக நேரம் விட்டு...” என்றார் மாப்பிள்ளை.

“அவர் சொல்றது தப்பு” என்றார் டீச்சர்.

“பாத்தீங்களா! இப்பவும் திருத்தறா!”

“ஆமா, திருத்தறேன். தப்பு அவரோடது இல்ல, என்னோடது. பித்தளைன்னு வாங்கினது நான். காந்தம் வைக்க விடாம தடுத்தது நான். இது இரும்பு. நான்தான் தப்பு பண்ணிட்டேன்.”

வாசலில் காய்கறிப் பையோடு நின்ற வீட்டுக்காரர், “என்னது?” என்றார். ம் இல்லை, முழு வார்த்தை. மகள் அம்மாவையே பார்த்தாள்.

“இன்னொரு தடவை சொல்லும்மா.”

“தப்பு பண்ணிட்டேன்டி.” வாக்கியம் பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறித்தான் வந்தது.

மகள் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோளில் பை அப்படியே இருந்தது. புருஷனைப் பார்த்தாள். “சொல்லிடு” என்றார் அவர், மெதுவாக.

“நானும் ஒண்ணு சொல்லணும்மா. ஆடிட்டர் ஆபீஸ் வேலையை நான் விட்டுட்டேன். போன வருஷமே.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இருந்தது டீச்சருக்கு. போன வருஷமேவா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவள் போனில் ஆபீஸ் கதைதானே சொல்லிக்கொண்டிருந்தாள்? மேனேஜர் எரிந்து விழுந்தார், மேனேஜருக்கு வயிற்று வலி, மேனேஜருக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் என்று வாரா வாரம் கேட்டு, அவர் என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று டீச்சர் இங்கிருந்தே பத்தியம் சொல்லி அனுப்பியிருந்தார்.

“அப்போ உங்க மேனேஜர்?”

“அவர் நல்லாத்தான் இருக்காரும்மா.”

“அந்தப் பித்தப்பை ஆபரேஷன்?”

“அதை நான்தான் பண்ணினேன்.”

முதலில் சிரித்தது வீட்டுக்காரர்தான். பையை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளையால் அடக்க முடியவில்லை. டீச்சரும் சிரித்தார். சிரிக்கும்போதே நெஞ்சில் ஏதோ குத்தியது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. விடை அவருக்கே தெரியும். பெற்ற பிள்ளை தன்னிடம் உண்மையைச் சொல்லப் பயந்து, எங்கோ இருக்கிற ஒரு மனுஷனுக்கு வியாதியைக் கொடுத்து, அறுத்து, தைத்து, பிழைக்கவும் வைத்திருக்கிறாள். ஒரு வருஷமாகத் தனியாக.

“இப்ப என்ன பண்றே?”

“சின்னப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றேன்.”

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“ஒன்பதாவது படிக்கிறப்பவே தெரியும். டியூஷன்னு சொல்லிட்டுப் போவேன்.”

“தலை ஈரமா வருவியே, வேர்வைன்னு சொன்னியேடி!”

“நீயும் நம்பினியேம்மா.”

டீச்சர் ஸ்டூலை விட்டு இறங்கி மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கேட்க எவ்வளவோ இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்.

“பிள்ளைங்க உன்னைப் பார்த்துப் பயப்படுதா?”

மகள் யோசித்தாள். “தண்ணியைப் பார்த்துப் பயப்படும். என்னைப் பார்த்து இல்லம்மா. பயம் வந்தா என் கழுத்தைக் கட்டிக்கும்.”

“அப்படின்னா என்னைவிட நீ நல்ல டீச்சர்” என்றார் டீச்சர்.

மகள் தோள் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். பஸ் ஏறுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.